கையைக் கடிக்காமல் மால்டா சுற்ற

மத்தியதரைக் கடலில் ஒரு தீவுக்குப் போகணும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் சான்டோரினியில் ஆரம்பித்து, ஓட்டல் வாடகையைப் பார்த்ததும் அத்தோடு ஆசையையே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் மால்டாவைத்தான் சொல்வேன். சிசிலிக்குத் தெற்கே இருக்கிற தனி நாடு. மால்டா, கோசோ, கொமினோ மூன்று தீவையும் கூட்டினாலும் 316 சதுர கிலோமீட்டர்தான், சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரைவிடச் சின்னது. செலவு குறைவதற்கு முதல் காரணமே இந்த அளவுதான்: எங்கே தங்கினாலும் எல்லா இடத்துக்கும் டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம், வாடகைக் கார் தேவைப்படாது. ஆங்கிலமும் ஆட்சி மொழி என்பதால் கைடும் தேவைப்படாது.

போன அக்டோபரில் ஜெர்மனியிலிருந்து போய் ஆறு இரவு தங்கினேன். விமானம் போக மொத்தம் 320 யூரோவுக்குள் முடிந்தது. அதில் பாதிக்கு மேல் தங்கும் செலவு, சாப்பாடு ஒரு நாளைக்கு 15 யூரோ, மிச்சம் பஸ், படகு, இரண்டு டிக்கெட். பட்டினி கிடக்கவில்லை, பார்க்க ஆசைப்பட்ட எதையும் காசுக்காக விடவும் இல்லை.

எப்போது போவது என்பதில்தான் பாதிக் காசு மிச்சமாகிறது. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். விடுதிப் படுக்கைக்கே மற்ற மாதங்களைப்போல இரண்டு மடங்கு கேட்பார்கள், நிழலே இல்லாத சுண்ணாம்புக்கல் ஊரில் மதியம் நடக்க முடியாது, பஸ்ஸும் நிறைந்து வழியும். அக்டோபரில் காற்று குளிர ஆரம்பித்திருந்தாலும் கோடை முழுக்கச் சூடேறிய கடல் அவ்வளவு சீக்கிரம் ஆறாது, நான் கடைசி நாள்வரை கடலில் குளித்தேன். ஏப்ரல், மே மாதங்களும் நல்லவை, அப்போது வயல்வெளி பச்சையாக இருக்கும், ஆனால் தண்ணீர் இன்னும் சில்லென்றுதான் இருக்கும். ஜனவரி, பிப்ரவரி எல்லாவற்றையும்விட மலிவு. ஆனால் பலத்த காற்று அடித்தால் கோசோ படகு நின்றுவிடும், அதனால் அந்த மாதங்களில் போகிறவர்கள் திரும்புவதற்கு முந்தின நாளே பெரிய தீவுக்கு வந்துவிடுவது நல்லது.

விசா: மால்டா 2007இலிருந்து ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸ் என்று ஷெங்கன் நாடு எதிலாவது வதிவிட அனுமதி வைத்திருப்பவர்களுக்குத் தனி விசா தேவையில்லை, பாஸ்போர்ட்டையும் அந்த அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர்களுக்கு விசா வேண்டும், அங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் சரி. ஊரிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் காட்டணும். இந்தியாவிலிருந்து மால்டாவுக்கு மட்டும் என்று வந்தால் விமானக் கட்டணமே பட்ஜெட்டைத் தின்றுவிடும். இத்தாலியோ வேறு ஐரோப்பிய நாடோ போகிற பயணத்தில் நான்கைந்து நாளை இதற்கு ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஐரோப்பாவுக்குள்ளிருந்து மலிவு விமானங்கள் நிறைய உண்டு, செவ்வாய், புதன் மாதிரி நாட்களில் பார்த்தால் கட்டணம் சட்டென்று இறங்கும். பை விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். என் பை இரண்டு சென்டிமீட்டர் பருமன் கூடியது என்று கேட்டில் வைத்து வாங்கிய அபராதம் என் டிக்கெட் விலையைவிட அதிகம், அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. சீட்டுக்கு அடியில் போகிற பை மட்டும்தான் இலவசம் என்றால் அதை வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள், துணி திணித்து உப்பிய பிறகு ஒருமுறை அளக்கணும்.

எங்கே தங்குவது என்று என்னைக் கேட்பவர்கள் எல்லோரும் வலெட்டா பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். தலைநகர், அழகு, எல்லாம் சரி, ஆனால் விலை அதிகம், மலிவான மளிகைக் கடைகளும் அங்கே குறைவு. செயின்ட் ஜூலியன்ஸில் இருக்கும் பாச்சவில் பக்கம் மலிவான படுக்கைகள் கிடைக்கும், ஆனால் அது இரவு விடுதிகளின் இடம், விடிய விடியச் சத்தம். நான் இம்சீதாவில் தங்கினேன், ஒரு படுக்கை 22 யூரோ. பார்க்க அப்படி ஒன்றும் அழகான இடம் இல்லை, ஆனால் வலெட்டாவிலிருந்து வடக்கே போகிற பஸ்கள் பலவும் அந்த வழியாகத்தான் போகின்றன, சமையலறை இருந்தது, மாணவர்களும் தொழிலாளர்களும் வாழ்கிற பகுதி என்பதால் கடை விலையும் நியாயம். குடும்பத்தோடு வருகிறவர்கள் புஜிப்பா, கவ்ரா பக்கம் பாருங்கள், கடலோரம், சமையலறை வைத்த சின்னச் சின்ன வீடுகள் சீசன் முடிந்ததும் மலிவாகக் கிடைக்கும். வலெட்டாவுக்குப் போக முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும், அது ஒன்றுதான் குறை.

இப்போது பஸ். விமான நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் டாக்சிக்காரர்களைத் தாண்டி நடந்தால் எக்ஸ் என்ற எழுத்தில் ஆரம்பிக்கிற பஸ்கள் நிற்கும். எக்ஸ்4 வலெட்டாவுக்கு, எக்ஸ்2 ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ் பக்கம், எக்ஸ்3 புஜிப்பாவுக்கு, எக்ஸ்1 கோசோ படகுத்துறைக்கு. குளிர்காலத்தில் ஒரு டிக்கெட் 2 யூரோ, கோடையில் 2.50, அதை வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். ஏழு நாள் அட்டை 25 யூரோ. இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்கணும்: கோடையில் பத்து டிக்கெட், குளிர்காலத்தில் பன்னிரண்டு டிக்கெட் தாண்டினால்தான் அந்த அட்டை லாபம். ஆறேழு நாள் தங்கி, தினமும் இரண்டு மூன்று இடம் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மூன்று நாள் மட்டும் வருகிற இரண்டு பேர் பன்னிரண்டு பயண அட்டையை 19 யூரோவுக்கு வாங்கிப் பகிர்ந்துகொள்வது மேல். கட்டணங்கள் அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் தல்லின்யா என்கிற பஸ் செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதே செயலியில் எந்த பஸ் எங்கே வருகிறது என்றும் தெரியும்.

பஸ் வருகிறது என்றால் கையை நீட்டணும், நீட்டாவிட்டால் நிற்காமல் போய்விடும். நிறைந்துவிட்டால் கை நீட்டினாலும் நிற்காது. அதனால் தொலைதூரம் போகும்போது நடு ஸ்டாப்பில் காத்திருக்காமல் வலெட்டா நகர வாசலுக்கு வெளியே, டிரைட்டன் நீரூற்றைச் சுற்றி இருக்கிற பஸ் நிலையத்துக்கே போய் ஏறுங்கள், அங்கிருந்துதான் கிளம்புகின்றன, உட்கார இடம் கிடைக்கும்.

ஊர்ப் பெயர்களை வாசிப்பதில் முதல் நாள் திண்டாடினேன். மால்டா மொழி அரபி வழி வந்தது, ஆனால் ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். எக்ஸ் எழுத்தைக் கண்டால் ‘ஷ’ என்று வாசிக்கணும், இது ஒன்று தெரிந்தாலே பாதிப் போர்டு புரிந்துவிடும். மார்சாஷ்லோக் என்ற மீனவர் ஊரின் பெயரில் மார்சா என்றால் துறைமுகம், ஷ்லோக் என்றால் தென்கிழக்குக் காற்று. காற்று வரும் திசையைத் துறைமுகத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்! கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பேசுகிற கடற்கரைக்காரர்களுக்கு இது உடனே பிடிபடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். மால்டாவில் குறைந்த செலவில் வயிறு நிறைக்கிற பொருள் பஸ்தீட்ஸி. உள்ளங்கை அளவு, இரண்டு முனையும் கூராக, அடுக்கடுக்காகப் பிரிகிற மாவுக்குள் ஒன்று ரிக்கோட்டா பாலாடைக்கட்டி, இல்லையென்றால் மசித்த பட்டாணி. இரண்டும் ஒரு யூரோவுக்குக் குறைவு. மடிப்பு நடுவில் ஓடினால் சீஸ், பக்கவாட்டில் ஓடினால் பட்டாணி, கேட்காமலே கண்டுபிடிக்கலாம். ரபாத் ஊரில் இம்தீனா கோட்டைக்கு எதிரே இருக்கிற பழைய கடையில் நான் வாங்கினேன். அடுப்பிலிருந்து தகரத் தட்டோடு எடுத்து, ஒரு காகிதத்தில் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள், காகிதம் பிடிக்க முடியாத சூடு. கடித்ததும் மேல்மாவு சட்டையெல்லாம் உதிர்ந்தது, உள்ளே பட்டாணி மிளகு வாசத்தோடு, நம்ம ஊர் பட்டாணி சமோசாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. மூன்று சாப்பிட்டால் மதியம்வரை பசிக்காது. சுத்த சைவக்காரர்கள் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளணும்: மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிற வழக்கம் உண்டு, மார்கரின் மட்டும் சேர்க்கிற கடைகளும் உண்டு. கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள்.

மதியத்துக்கு ஃப்தீரா. தட்டையான வட்ட ரொட்டியைப் பிளந்து தக்காளிச் சாறு தேய்த்து, ஆலிவ் எண்ணெய், கேப்பர், ஆலிவ், சூரை மீன் வைத்துத் தருவார்கள், இந்த ரொட்டிக் கலையை 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. சூரை வேண்டாமென்றால் அதற்குப் பதில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி வைக்கச் சொல்லலாம். ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குக் காணும். ராத்திரி நான் விடுதியிலேயே சமைத்தேன். லிட்ல் கடைகள் உண்டு, தெருவோரம் லாரியில் காய்கறி விற்கிறவர்களும் உண்டு, இந்தியர்கள் நிறையப் பேர் இப்போது மால்டாவில் வேலை செய்வதால் பருப்பு, மசாலாவுக்கும் கஷ்டம் இல்லை. பிகில்லா என்று ஒன்று டப்பாவில் விற்பார்கள், மொச்சை மாதிரிப் பயறை அவித்துப் பூண்டு போட்டு மசித்தது, ரொட்டிக்கு அருமை. குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு கடல்நீரைச் சுத்திகரித்தது, குடிக்கலாம், ஆனால் சுவை கொஞ்சம் தட்டும். பாட்டில் வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் 10 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள், சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கிற இயந்திரத்தில் காலி பாட்டிலைப் போட்டால் அது திரும்பி வரும். கடற்கரையை நோக்கி மேசை போட்ட உணவகங்களில் உட்காரவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஒரு நாள் ராத்திரி உட்காருங்கள், மற்ற நாளெல்லாம் அதற்காகச் சேர்த்ததாக இருக்கட்டும்.

வலெட்டாவை நடந்தே ஒரு நாளில் பார்க்கலாம், பெரும்பாலானது இலவசம். மேல் பராக்கா தோட்டத்துக்கு மதியம் பன்னிரண்டுக்கு முன்னால் போய்விடுங்கள். கீழே இருக்கிற பீரங்கி மேடையில் பன்னிரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் பீரங்கி வெடிப்பார்கள், கீழே இறங்கிப் பார்க்கக் காசு, மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்க்க இலவசம், உண்மையில் மேலிருந்துதான் துறைமுகம் முழுவதும் தெரியும். பக்கத்திலேயே ஒரு லிஃப்ட், ஏறுவதற்கு மட்டும் 1 யூரோ. இறங்கிப் போய்ப் படகில் அக்கரைக்கு, பிர்கு என்ற பழைய ஊருக்குப் போங்கள், ஓரிரு யூரோவில் பெருந்துறைமுகத்தைக் கடந்துவிடலாம். இதே தண்ணீரைச் சுற்றிக்காட்ட ஸ்லீமாவில் பத்து மடங்கு வாங்கும் உல்லாசப் படகுகள் நிற்கின்றன. பிர்குவின் பின் சந்துகளில் துணி காய்கிற பால்கனிகளுக்குக் கீழே ஒரு மணி நேரம் நடந்தது எனக்கு அந்தப் பயணத்தின் நல்ல ஞாபகங்களில் ஒன்று.

காசு கொடுத்து ஒரே ஒரு இடத்துக்குள் போகலாம் என்றால், செயின்ட் ஜான் இணைப் பேராலயம். 15 யூரோ, யோசிக்காதீர்கள். கரவாஜியோ என்ற இத்தாலிய ஓவியர் ஒரு கொலைக் குற்றத்துக்குப் பிறகு ஓடி 1607இல் இந்தத் தீவுக்கு வந்தார். மறு வருஷம் இங்கே வீரத்துறவிகளின் சபையில் சேர்ந்தார், அந்தச் சபைக்காக யோவான் தலை வெட்டப்படும் காட்சியை வரைந்தார். ஐந்து மீட்டர் அகலத்துக்கு மேல் இருக்கும் அந்தப் படத்தில் பாதி இடம் வெறும் சுவரும் இருட்டும்தான். வெட்டுப்பட்ட கழுத்திலிருந்து தரையில் ஓடுகிற ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார், அவர் கையெழுத்திட்ட ஓவியம் இது ஒன்றுதான். அதே வருஷம் சண்டையில் மாட்டிச் சிறைப்பட்டு, தப்பி ஓட, இந்தப் படம் தொங்குகிற கூடத்திலேயே கூடி அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். படம் அன்று மாட்டிய இடத்திலேயே இன்றும் இருக்கிறது. நான் அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றேன். ஞாயிறு பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை, தோள் மூடிய உடை வேண்டும்.

அப்புறம் ஹல் சஃப்லியேனி ஹைப்போஜியம் என்ற நிலத்தடிக் கல்லறைக் கோவில். ஒரு நாளைக்கு 80 பேரைத்தான் விடுவார்கள், டிக்கெட் விலையும் அதிகம், பல வாரம் முன்னாடியே தீர்ந்துவிடும். பட்ஜெட் பயணிக்கு அதைவிட ஹஜார் ஈம் நல்லது. கடலைப் பார்த்த மேட்டில் நிற்கும் அந்தக் கற்கோவில் எகிப்தியப் பிரமிடுகளைவிடப் பழசு, வலெட்டாவிலிருந்து பஸ் போகிறது.

இம்தீனா என்ற பழைய கோட்டை நகருக்குள் நுழையக் கட்டணம் இல்லை. பகலில் கூட்டம் வரும், சாயங்காலம் சுற்றுலாப் பஸ்கள் கிளம்பிய பிறகு போங்கள், மஞ்சள் விளக்கும் உங்கள் காலடிச் சத்தமும் மட்டும் இருக்கும். மார்சாஷ்லோக் சந்தைக்கு எல்லோரும் ஞாயிறு போகச் சொல்வார்கள். ஞாயிறு கூட்டத்தில் மீனைவிடப் பொம்மைக் கடைகள்தான் அதிகம் தெரிந்தன, மீன் வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குள் போங்கள். முகப்பில் இரண்டு கண் வரைந்த நீல, மஞ்சள் லுட்ஸு படகுகள் எந்த நாளும் அங்கேதான் நிற்கும், வார நாளில் நிதானமாகப் பார்க்கலாம்.

கடற்கரை எல்லாம் இலவசம், சாய்வு நாற்காலிக்கும் குடைக்கும்தான் காசு. ஒரு துண்டும் தண்ணீரும் போதும். ஐன் டுஃபீஹாவுக்கு நீண்ட படிக்கட்டு இறங்கணும், அதனாலேயே பக்கத்துக் கோல்டன் பேயைவிடக் கூட்டம் குறைவு. பாறைக் கடற்கரைகளில் செருப்பில்லாமல் இறங்காதீர்கள், கல் கூர்மை, கடல் முள்ளெலிகளும் ஒட்டியிருக்கும். கொமினோவின் நீலக் குளத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: தண்ணீரின் நிறம் உண்மையாகவே படத்தில் இருப்பது மாதிரிதான், ஆனால் கோடையில் கால் வைக்க இடம் இருக்காது. இப்போது நேரம் முன்பதிவு செய்துகொண்டுதான் இறங்கணும். சீசன் இல்லாத நாளில் முதல் படகில் போனால் போங்கள், இல்லாவிட்டால் அந்தக் காசையும் நாளையும் கோசோவுக்குக் கொடுங்கள்.

கோசோவுக்கு ஒரு நாள் சுற்றுலா என்று போகாதீர்கள், குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். மால்டாவின் வடமுனையில் சிர்கெவ்வா படகுத்துறை, வலெட்டாவிலிருந்து 41, 42 பஸ் அங்கே வரும். முதல்முறை நான் டிக்கெட் கவுண்டரைத் தேடினேன், யாரும் கேட்கவே இல்லை, எல்லோரும் நேரே கப்பலுக்குள் நடக்கிறார்கள். போகும்போது காசு இல்லை, கோசோவிலிருந்து திரும்பும்போதுதான் இரண்டுக்கும் சேர்த்து 4.65 யூரோ வாங்குகிறார்கள். வலெட்டாவிலிருந்து நேராக விரைவுப் படகும் உண்டு, நேரம் மிச்சம், காசு கூடுதல். சிர்கெவ்வா கப்பலில் மேல்தளத்தில் நின்றால் இருபத்தைந்து நிமிஷத்தில் கொமினோவையும் ஓரமாகப் பார்த்துவிடலாம்.

தங்குவது விக்டோரியாவில். கோசோவின் பஸ்கள் அநேகமாக எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பி அங்கேயே திரும்புகின்றன, ஏழு நாள் அட்டை இங்கேயும் செல்லும். ஆனால் பல ஊருக்கு ஒரு மணிக்கு ஒரு பஸ்தான், திரும்பும் நேரத்தை இறங்கும்போதே படம் எடுத்து வையுங்கள். ஒரு பழைய வீட்டு மாடி அறை எனக்கு 38 யூரோவுக்குக் கிடைத்தது, இரண்டு பேராக இருந்தாலும் அதே வாடகை. விடிகாலையில் சித்தாதெல்லா கோட்டைச் சுவர் மேல் ஏறினால் தீவு முழுக்கத் தெரியும், ஒவ்வொரு மேட்டிலும் ஒரு தேவாலயக் குவிமாடம். பிறகு மார்சல்ஃபோர்னுக்குப் பஸ், அங்கிருந்து கடலோரமாக நடந்தால் இருபது நிமிஷத்தில் ஷ்வேனி உப்பளங்கள். நம்ம வேதாரண்யத்து, தூத்துக்குடி உப்பளம் மாதிரி மண் பாத்தி இல்லை, கடற்கரைப் பாறையையே சதுரம் சதுரமாகக் குடைந்திருக்கிறார்கள். கோடையில் அந்தக் குழிகளில் பூக்கிற உப்பைக் கூட்டி அள்ளுகிறார்கள். நான் போனபோது பருவம் முடிந்து குழிகளில் வானம்தான் நிறைந்திருந்தது. தெருவோரத்தில் சின்னப் பை உப்பு விற்கிறார்கள், ஊருக்கு வாங்கிப் போக அதைவிட மலிவான, உண்மையான பொருள் வேறு இல்லை.

த்வேய்ராவில் இருந்த கல் வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்துவிட்டது, பழைய படங்களைப் பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஆனாலும் போங்கள், அந்தப் பாறைவெளியில் சூரியன் மறைவதைப் பார்க்கணும். கடைசி பஸ்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். சிவந்த மணல் உள்ள ரம்லா கடற்கரைக்கு ஒரு அரை நாள்.

திரும்பும் நாளில் வலெட்டாவுக்கெல்லாம் போகத் தேவையில்லை. இம்ஜார் துறையில் அந்த 4.65ஐக் கட்டிக் கப்பல் ஏறி, சிர்கெவ்வாவில் இறங்கினால் அங்கேயே எக்ஸ்1 நிற்கும், நேராக விமான நிலையம். நெரிசலுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், விமானத்துக்கு நான்கரை மணி நேரம் முன்பாகக் கோசோவை விட்டால் பதற்றம் இருக்காது. பஸ்ஸில் இடது பக்கம் உட்காருங்கள், கொஞ்ச தூரத்தில் மெல்லீஹா விரிகுடா முழுசாக ஜன்னலுக்குள் வரும்.